பால்வண்ணக் குஞ்சுகள்: ஆக்ஸலாட்டில் ஊரை விட்டுப் போன கதை



பரீட்சை, ரெக்கார்டு நோட்டு என்று தள்ளிக்கொண்டே வந்த கட்டுரை இது. போன லீவுக்கு எங்கள் ஊர் கரிவலம்வந்தநல்லூருக்குப் போயிருந்தேன். (தெரியாதவர்களுக்கு: சங்கரன்கோவிலில் இருந்து ராஜபாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது.) அப்போது சென்னையில் இருக்கிற பெரியப்பா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அவன் கூட்டாளி வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் முட்டையில் இருந்து வந்த ஆக்ஸலாட்டில் குஞ்சுகள். ஒரு விரல்நுனி அளவுதான் இருக்கும். சிலது கறுப்பு, சிலது பால் மாதிரி வெள்ளை. கழுத்துக்கு இரண்டு பக்கமும் மூன்று மூன்று இறகு. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஆச்சியிடம் காட்டினேன்.

"ஏய்யா, இது என்ன, மீனா பல்லியா?"

"ரெண்டும் இல்ல ஆச்சி. தவளைக்குச் சொந்தக்காரன்."

"கழுத்துல என்ன, பூ வச்சிருக்கா?"

"அது செவுளு ஆச்சி."

"செவுளு உள்ளதான இருக்கும்? இது ஏன் வெளிய தொங்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "பெறகு சொல்லுதேன்" என்று சமாளித்துவிட்டேன். தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆச்சி கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை. இதே கேள்வியை வைத்துக்கொண்டு ஐரோப்பாவின் பெரிய பெரிய விஞ்ஞானிகள் அறுபது வருடம் மண்டையை உடைத்திருக்கிறார்கள்! அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

சாமி தண்ணீரில் ஒளிந்த கதை

ஆக்ஸலாட்டிலின் சொந்த ஊர் மெக்சிகோ. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. மெக்சிகோ நகரம் இருக்கும் பள்ளத்தாக்கில் அந்தக் காலத்தில் ஏரிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கிடந்தன. அதில் சோச்சிமில்கோ, சால்கோ என்ற இரண்டு நன்னீர் ஏரிகள்தான் இதன் வீடு. அங்கே ஆண்ட அஸ்டெக் மக்கள் ஏரிக்குள் சேற்றையும் செடிகொடியையும் குவித்து 'சினாம்பா' என்ற தோட்டத் திட்டுகளை உண்டாக்கி விவசாயம் செய்தார்கள். திட்டுகளுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்களில் இது நிறைய இருந்தது. பிடித்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள், மருந்தாகவும் பயன்படுத்தினார்கள்.

பெயரும் அவர்களுடைய நஹுவாட்டில் மொழிப் பெயர்தான். ஷோலோட்டில் என்று ஒரு தெய்வம். மற்ற தெய்வங்களோடு சேர்ந்து தன்னையும் பலி கொடுக்க வேண்டி வந்தபோது பயந்து ஓடினாராம். முதலில் இரட்டைத் தண்டு மக்காச்சோளமாக மாறினார், கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்து இரட்டைக் கற்றாழையாக மாறினார், அதையும் கண்டுபிடித்துவிட்டார்கள். கடைசியில் தண்ணீருக்குள் குதித்து ஆக்ஸலாட்டிலாக மாறி ஒளிந்தார். அங்கே மாட்டிக்கொண்டார். உருமாறி உருமாறித் தப்பிக்கப் பார்த்த சாமியின் பெயரை, உருமாறவே மறுக்கும் ஒரு பிராணிக்கு வைத்திருக்கிறார்கள்!

1521-ல் ஸ்பானியர்கள் அஸ்டெக் தலைநகரைப் பிடித்தார்கள். அவர்களுக்கு ஏரி என்றால் வெள்ளம், ஆபத்து. அதனால் ஏரிகளை வடிக்கும் வேலையில் இறங்கினார்கள். நூற்றாண்டுக் கணக்கில் வடித்தார்கள். பின்னால் சால்கோ ஏரியும் வடிக்கப்பட்டது. மிச்சம் இருப்பது சோச்சிமில்கோவின் வாய்க்கால்கள் மட்டுமே.

குழந்தையா, பெரியதா?

1804-ல் ஹம்போல்ட் என்ற ஜெர்மன் பயணி அமெரிக்கக் கண்டத்தைச் சுற்றிவிட்டு ஐரோப்பா திரும்பினார். பதப்படுத்திய ஆக்ஸலாட்டில்களையும் கொண்டுவந்தார். அவற்றைப் பாரிசில் அறுத்துப் பார்த்தவர் குவியே. எலும்பைப் பார்த்தே விலங்கைச் சொல்லிவிடுவார் என்று பெயர் எடுத்தவர்.

குவியேவின் யோசனை நம்ம ஆச்சியின் யோசனைதான். வெளியே தொங்கும் செவுள் சாலமாண்டர் குஞ்சுகளுக்கு உண்டு. குஞ்சு வளர்ந்ததும் செவுள் சுருங்கி மறைந்துவிடும், நுரையீரலால் மூச்சு விடும், கரையேறிவிடும். அப்படியானால் இது ஏதோ ஒரு பெரிய சாலமாண்டரின் குழந்தை. தாய் தகப்பனை இன்னும் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சிக்கல். மெக்சிகோவில் யாரும் அந்தத் தாய் தகப்பனைக் கண்டதாகச் சொல்லவே இல்லை. வருடங்கள் போயின. 'குழந்தைதான்' என்று ஒரு கட்சி, 'இல்லை, இதுவே முழு வளர்ச்சி' என்று இன்னொரு கட்சி. செத்த விலங்கை வைத்துக்கொண்டு எத்தனை நாள் வாதாடுவது? உயிரோடு ஒன்று வேண்டும்.

பாரிசில் பிறந்த குஞ்சுகள்

உயிரோடு வந்தது ஒரு படையெடுப்பின் புண்ணியத்தில். 1862-ல் இருந்து பிரெஞ்சுப் படை மெக்சிகோவில் இருந்தது. படையோடு விலங்கு, செடி சேகரிக்கிறவர்களும் போனார்கள். 1864-ல் 34 ஆக்ஸலாட்டில்கள் உயிரோடு பாரிசுக்கு வந்து சேர்ந்தன. வந்தவற்றில் வெள்ளையும் உண்டு. அதில் 6, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஓகுஸ்த் துமேரில் கைக்குப் போயின.

1865-ன் தொடக்கத்தில் அவை முட்டையிட்டன. ஆக, இவை குழந்தைகள் இல்லை! முட்டையிடுகிற ஒன்றை எப்படிக் குழந்தை என்பது? குவியே தோற்றார் என்று எல்லோரும் நினைத்தார்கள். துமேரில் குஞ்சுகளை வளர்த்தார். அவை நன்றாக வளர்ந்தன. ஆறேழு மாதத்தில் பெற்றோர் அளவை நெருங்கிவிட்டன. அப்போதுதான் அந்த அதிசயம். செப்டம்பர் வாக்கில் சில குஞ்சுகளின் செவுள் சுருங்க ஆரம்பித்தது. வாலின் துடுப்பு போனது. தோலில் மஞ்சள் புள்ளிகள் வந்தன. தண்ணீரை விட்டு வெளியே வந்து நின்றது ஒரு சாலமாண்டர்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பக்கத்துத் தொட்டியில் அப்பா அம்மா செவுளோடு நீந்திக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளில் சிலது மட்டும் அவர்கள் ஒருநாளும் ஆகாத பெரியவர்களாக ஆகி நிற்கின்றன. குவியே சொன்னதும் சரி, எதிர்க்கட்சி சொன்னதும் சரி! இது குழந்தை உருவத்திலேயே வயதுக்கு வந்து, குழந்தை உருவத்திலேயே பிள்ளை பெறும் விலங்கு. இதற்கு 1880களில் கோல்மான் என்பவர் 'நியோட்டனி' என்று பெயர் வைத்தார்.

துமேரில் ஒரு நல்ல காரியம் செய்தார். குஞ்சுகளைத் தன்னோடு பூட்டி வைக்காமல் ஐரோப்பா முழுக்கக் கேட்டவர்களுக்கு அனுப்பினார். இன்று உலக ஆய்வகங்களில் இருக்கும் ஆக்ஸலாட்டில்களில் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் அந்தச் சின்னக் கூட்டம்தான்.

ஏன் சிலது மட்டும் மாறின?

ஜெர்மனியில் மரீ ஃபான் ஷோவின் என்ற பெண்மணி இதைக் கையில் எடுத்தார். அங்கே பல்கலைக்கழகக் கதவு பெண்களுக்குத் திறக்காத காலம். 1870களில், வைஸ்மான் என்ற பேராசிரியர் கேட்டுக்கொண்டதன் பேரில், குஞ்சுகளை நாள் கணக்கில் பொறுமையாக ஆழம் குறைந்த தண்ணீருக்கும், பிறகு ஈரமான கரைக்கும் பழக்கினார். அவை சாலமாண்டராக மாறின. அதிர்ஷ்டத்தால் நடந்ததை வேண்டுமென்றே நடத்திக் காட்டியவர் அவர்.

காரணம் தெரிந்தது இருபதாம் நூற்றாண்டில். தவளைக் குஞ்சான தலைப்பிரட்டைக்குத் தைராய்டு சுரப்பியைத் தீனியாகப் போட்டால் சீக்கிரமே குட்டித் தவளையாகிவிடும் என்று 1912-ல் குடெர்னாச் காட்டினார். அடுத்த வருடமே பிராகில் லௌஃப்பெர்கர் இதை ஆக்ஸலாட்டிலுக்குச் செய்து பார்த்தார், மாறியது. 1920-ல் இங்கிலாந்தில் ஜூலியன் ஹக்ஸ்லி மாட்டின் தைராய்டைத் தின்னக் கொடுத்து அதையே செய்தபோது பத்திரிகைகள் பெரிதாக எழுதித் தள்ளின. ஆக்ஸலாட்டிலின் உடம்பில் மாறுவதற்கான ஏற்பாடு எல்லாம் அப்படியே இருக்கிறது. 'ஆரம்பி' என்று சொல்லும் சுரப்பு மட்டும் போதிய அளவு வருவதில்லை. நம் ஊர்க் குளத்துத் தலைப்பிரட்டைக்கு அந்தச் சுரப்பு நேரத்துக்கு வந்துவிடுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்!

குஞ்சு எப்படி வளர்கிறது?

பெண் ஒரு தடவைக்குச் சில நூறு முட்டைகள் இடும். ஒவ்வொன்றும் வழவழப்பான உறைக்குள் இருக்கும். உறை கண்ணாடி மாதிரி இருப்பதால், கரும்புள்ளி நீண்டு, வளைந்து, தலையும் வாலும் வருவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். (விஞ்ஞானிகளுக்கு இது பிடித்துப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.) தண்ணீரின் சூட்டைப் பொறுத்து இரண்டு மூன்று வாரத்தில் பொரியும். பொரிந்த குஞ்சு ஒரு சென்டிமீட்டர் சொச்சம். முதல் ஓரிரு நாள் வயிற்றில் இருக்கும் கருவே சாப்பாடு. அப்புறம் அசைகிற இரைதான் வேண்டும். ஆர்ட்டீமியா, டாஃப்னியா என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் பொடிப் பொடி உயிர்கள். அசையாததை ஆரம்பத்தில் கண்டுகொள்ளாது.

நம்மில் எல்லோரும் சின்ன வயதில் தலைப்பிரட்டையைப் பாட்டிலில் வளர்த்திருப்போம். அதற்குப் பின்கால்தான் முதலில் வெளியே தெரியும். ஆக்ஸலாட்டிலுக்கு நேர் எதிர், முன்கால் முதலில் வரும். பின்கால் சில வாரம் கழித்து. இந்த வயதில் பசி அதிகம், புத்தி குறைவு. பக்கத்தில் அசைவது தம்பியின் கால் என்று தெரியாமல் கடித்துவிடும். ஆனால் கடிபட்ட கால் திரும்ப முளைத்துவிடும்! எலும்பு, தசை, நரம்பு, விரல் எல்லாம் பழையபடியே. இந்தத் திறமை வளர்ந்த பிறகும் போவதில்லை. கிட்டத்தட்ட ஒரு வருடத்தில் வயதுக்கு வரும், நீளம் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை.

இனி நிறம். காட்டு இனத்தின் நிறம் கரும்பழுப்பு, அதில் பொன் துகள் தூவிய மாதிரி இருக்கும். கறுப்பு, மஞ்சள், மினுமினுப்பு என்று மூன்று வகை நிற செல்கள் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. இந்த செல்கள் எல்லாம் கருவின் முதுகு ஓரத்தில் பிறந்து, அங்கிருந்து உடம்பு முழுக்க நடந்து போய்க் குடியேறுகின்றன.

வெள்ளைக் குஞ்சில் இந்தக் குடியேற்றம் நடப்பதில்லை. நிற செல்கள் பிறக்கின்றன, ஆனால் முதுகைத் தாண்டிப் பரவுவதில்லை. அதனால்தான் வெள்ளைக் குஞ்சுகளுக்குச் சின்ன வயதில் முதுகிலும் தலையிலும் கரும்பொட்டுகள் தெரியும், வளர வளர வெளுக்கும். கண் மட்டும் எப்போதும் கறுப்பு. 1930களில் டுஷேன் என்பவர் வெள்ளைக் கருவின் மேல் கறுப்புக் கருவின் மேல்தோலை ஒட்டிப் பார்த்தார். அந்த இடத்தில் நிறம் வந்தது! குறை நடந்து போகிற செல்லில் இல்லை, போய்ச் சேரும் தோலில்தான். 'வா' என்று அழைக்கும் ஒரு புரதத்தின் மரபணுவில் பிழை இருப்பது 2017-ல் தெரியவந்தது.

சிவந்த கண்ணுள்ள அல்பினோ வேறு வகை. 1962-ல் கிடைத்த ஓர் அல்பினோ புலிச் சாலமாண்டரோடு ஹம்ஃப்ரி என்ற அமெரிக்க விஞ்ஞானி ஆக்ஸலாட்டிலைக் கலந்து இதை உண்டாக்கினார். அதாவது இன்றைய ஆய்வக ஆக்ஸலாட்டில் பலவற்றின் உடம்பில் வேறொரு இனத்தின் ரத்தமும் ஓடுகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நம் பாடப்புத்தகத்தில் பட்டாணிச் செடியோடு முடிந்துபோகும் மெண்டல் விதியை ஹேக்கர் என்பவர் 1908-லேயே கறுப்பு வெள்ளை ஆக்ஸலாட்டிலில் காட்டிவிட்டார். கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் பிள்ளைகள் எல்லாம் கறுப்பு. பேரப்பிள்ளைகளில் நாலில் ஒன்று வெள்ளை. அண்ணன் அனுப்பிய வீடியோவில் கறுப்பும் வெள்ளையும் கலந்து இருந்தது இதனால்தான்.

ஊரில் என்ன ஆயிற்று?

பாரிஸ், ஜெர்மனி, அமெரிக்கா என்று உலகம் முழுக்க ஆக்ஸலாட்டில் பெருகியது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 2005-ல் இருந்து இதற்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. 2018-ல் இதன் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. 3,200 கோடி எழுத்துகள், நம்முடையதைப் போல் பத்து மடங்கு! 2021-ல் மைன்கிராஃப்ட் விளையாட்டிலும் வந்தது, மெக்சிகோவின் 50 பெசோ நோட்டிலும் வந்தது.

அதே நேரத்தில் சோச்சிமில்கோவில் எடுத்த கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்கு:

1998-ல் சுமார் 6,000.
2003-ல் சுமார் 1,000.
2008-ல் சுமார் 100.
2014-ல் 36.

நகரத்தின் கழிவுநீர் ஒரு காரணம். இன்னொரு காரணம், மக்களுக்கு மீன் கிடைக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் விட்ட கெண்டையும் திலாப்பியாவும். திலாப்பியா வேறு யாரும் இல்லை, நம்ம ஜிலேபி மீன்தான். இந்தியாவுக்கு 1952-ல் கொண்டுவரப்பட்டு இன்று நம் குளங்களில் எல்லாம் நிறைந்து கிடக்கிறது. அங்கே அது ஆக்ஸலாட்டிலின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தது.

உலகத் தொட்டிகளில் எத்தனையோ ஆயிரம். சொந்த ஊரில் தேடினாலும் கிடைப்பதில்லை. 'அதான் தொட்டியில் இருக்கே, அழியவா போகுது?' என்று எனக்கும் முதலில் தோன்றியது. இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் ஞாபகம் வந்தது.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சாமி பெயர் பால்வண்ணநாதர். பாண்டிய மன்னர் சேர்த்து வைத்த ஏட்டுச் சுவடிகள் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, உ.வே.சாமிநாதையர் ஆசையோடு எங்கள் ஊருக்கு வந்தார். சுவடிகள் இல்லை. பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட வேண்டும் என்று ஆகமம் சொல்வதாகச் சொல்லி, எல்லாவற்றையும் எரித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு நொந்துபோனார். 'என் சரித்திரம்' நூலில் இதை எழுதியிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் எரிக்கவில்லை. மரியாதை செய்வதாக நினைத்தே எரித்தார்கள். சோச்சிமில்கோவில் மீன் விட்டவர்களும் அப்படித்தான்.

எரிந்துபோன நூல்களில் சிலவற்றுக்கு வேறு ஊரில் பிரதி இருந்திருக்கலாம். பிரதி இருந்தால் நூல் பிழைத்தது, சந்தோஷம்தான். ஆனால் ஏடு பார்த்து எழுதியவர்களின் பிழையும் அதோடு சேர்ந்துதான் வரும். அந்தப் பிழையைத் திருத்த மூலம் வேண்டும், அல்லது பல பிரதிகள் வேண்டும். தொட்டி ஆக்ஸலாட்டிலும் பிரதிதான். ஒரு சின்னக் கூட்டத்தின் வழியில், சொந்தத்துக்குள்ளேயே கூடிப் பெருகியது, புலிச் சாலமாண்டர் கலந்தது, அழகுக்காக வெள்ளை பார்த்து வளர்த்தது. மூலம் சோச்சிமில்கோ வாய்க்காலில் இருக்கும் அந்தக் கரும்பழுப்புதான். அது போய்விட்டால் பிரதியை எதோடு ஒப்பிடுவது?

நல்ல செய்தியும் உண்டு. மெக்சிகோ விஞ்ஞானிகள் சோச்சிமில்கோ விவசாயிகளோடு சேர்ந்து சினாம்பா வாய்க்கால்களில் தடுப்பு வைத்து, மீன் வராத, தண்ணீர் தெளிந்த இடங்களை உண்டாக்கி வருகிறார்கள். வளர்த்த 18 ஆக்ஸலாட்டில்களை அப்படிச் சீர்செய்த இடத்திலும் இன்னொரு ஈரநிலத்திலும் விட்டுப் பார்த்தார்கள். கண்காணித்த காலம் வரை எல்லாம் உயிரோடு இருந்தன, திரும்பப் பிடித்தவை எடை கூடியும் இருந்தன. 2025-ல் இந்த முடிவு வெளியானது.

கொசுறு: படித்துவிட்டு யாராவது வாங்கலாம் என்று நினைத்தால் இரண்டு விஷயம். இதற்கு 16 முதல் 18 டிகிரித் தண்ணீர் வேண்டும், 24-ஐத் தாண்டினாலே தாங்காது. நம்ம சங்கரன்கோவில் வெயிலில் தண்ணீரைக் குளிரவைக்கும் மிஷின் ராத்திரி பகலாக ஓடணும், கரண்ட் போனால் கதை முடிந்தது. இரண்டாவது, 2022-ல் திருத்திய வனவிலங்குச் சட்டமும் 2024-ல் வந்த விதிகளும் இதை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. வளர்க்க முடியவில்லை என்று எதையும் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். ஜிலேபி மீன் கதை போதும்.

ஊருக்குப் போன் போட்டு ஆச்சியிடம் பதிலைச் சொன்னேன். "வளராமலே வயசுக்கு வந்துட்டு ஆச்சி, அதான் செவுளு வெளிய தொங்குது." ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அதோட ஊர்ல தண்ணி கெடக்கா?" என்றார்.

கொஞ்சம் கிடக்கிறது ஆச்சி.

தகவல் பிழை இருந்தால் சொல்லுங்கள் நண்பர்களே, திருத்திக்கொள்கிறேன். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.